பல்பு எரிகிறது, முள் அசையவில்லை

உங்கள் கேள்வியின் தலைப்பு "மின்னோட்டத்தின் காந்த விளைவை எளிய சோதனை மூலம் எப்படி விளக்குவது?" என்று இருக்கிறது. அதற்கான விடை எந்த நோட்ஸைப் புரட்டினாலும் ஐந்து வரியில் கிடைக்கும். நீங்கள் உண்மையில் கேட்பது அதற்குக் கீழே எழுதியிருப்பதைத்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளோடு உட்கார்ந்து இரண்டு பென் டார்ச் பேட்டரி, ஒரு சுவிட்ச், ஒரு எல்இடி, ஸ்பீக்கருக்குப் போடும் இரட்டை வயர், ஃபேன்சி ஸ்டோர் திசைகாட்டி எல்லாவற்றையும் வைத்துச் செய்து பார்த்தீர்கள். எல்இடி எரிந்தது, முள் இம்மிகூட அசையவில்லை. "அப்போ புத்தகத்துல சும்மா போட்டிருக்காங்களா?" என்று மகள் கேட்டுவிட்டாள். நீங்கள் தேடுவது அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை.

சும்மா போடவில்லை. கட்டாயம் நடக்கும் சோதனைதான் அது. ஆனால் படத்தைப் பார்த்து அப்படியே செய்தால் பல வீடுகளில் நடக்காது என்பதும் உண்மை. படத்துக்குக் கீழே எழுதாமல் விட்ட மூன்று நான்கு விஷயங்களில்தான் சோதனையின் உயிரே இருக்கிறது. மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் செய்முறை நடத்தியே என் வேலைக்காலம் போனது. இந்த முள்ளோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

நீங்கள் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே அந்த முள்ளைப் பூமி பிடித்துக்கொண்டிருக்கிறது. முள் வடக்கு தெற்காக நிற்கிறது என்றால், பூமியின் காந்தப்புலம் அதை அப்படி இழுத்து நிறுத்தியிருக்கிறது என்று அர்த்தம். கம்பியில் மின்னோட்டம் போகும்போது கம்பியைச் சுற்றி இன்னொரு காந்தப்புலம் உண்டாகி, முள்ளைத் தன் பக்கம் இழுக்கிறது. வடம் இழுக்கும் போட்டி மாதிரிதான். இரண்டு இழுப்புக்கும் நடுவில் ஏதோ ஒரு கோணத்தில் முள் நிற்கும். ஆகவே "முள் அசையுமா?" என்று கேட்பதைவிட, "கம்பியின் புலம் பூமியின் புலத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு?" என்று கேட்பதுதான் சரி. இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

கணக்கு எளிது. நீளமான ஒற்றைக் கம்பியில் 1 ஆம்பியர் போனால், அதிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் உண்டாகும் புலம் 20 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தின் வலுவை அளக்கும் அலகு). மின்னோட்டம் இரட்டித்தால் புலம் இரட்டிக்கும், தூரம் இரட்டித்தால் பாதியாகும். முள்ளைப் பிடித்திருக்கும் பூமியின் கிடைத்தளப் புலம், அதாவது தரைக்கு இணையாக இருக்கும் பங்கு, தமிழ்நாட்டில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. கம்பியின் புலத்தைப் பூமியின் புலத்தால் வகுத்தால் வருவது முள் விலகும் கோணத்தின் டேஞ்சன்ட். கம்பிக்கும் முள்ளுக்கும் நடுவில் 1 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி மூடியின் கனம், வயரின் கனம் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். 2 ஆம்பியர் போனால் இரண்டு புலமும் சமமாகி முள் 45 டிகிரி திரும்பும். 1 ஆம்பியர் என்றால் 27 டிகிரி.

இப்போது உங்கள் எல்இடிக்கு வாருங்கள். சாதாரண எல்இடி வழியாகப் போவது ஏறத்தாழ 20 மில்லிஆம்பியர். அதாவது 1 ஆம்பியரில் ஐம்பதில் ஒரு பங்கு. அது தரும் புலம் 0.4 மைக்ரோடெஸ்லா, முள் விலகுவது அரை டிகிரிக்குச் சற்று மேல். பொம்மைக்கடை திசைகாட்டியில் முள்ளின் நுனியே அதைவிடத் தடிமனாக இருக்கும். அதனால் முள் அசையவில்லை என்பதைவிட, நீங்கள் பார்க்க முடியாத அளவுக்கு அசைந்தது என்பதுதான் சரி. எல்இடிக்குப் பதிலாகப் பழைய டார்ச் பல்பு போட்டிருந்தால் 0.3 ஆம்பியர் போயிருக்கும். எட்டு, ஒன்பது டிகிரி திரும்பியிருக்கும். "லேசா ஆடின மாதிரி இருக்கு" என்று மகள் சொல்லியிருப்பாள். அது சந்தேகத்தைக் கூட்டுமே தவிரத் தீர்க்காது.

மின்சுற்றில் பல்பு இருந்தால் மின்னோட்டம் போவது கண்ணுக்குத் தெரியும், பேட்டரியும் சீக்கிரம் காலியாகாது. அதனால்தான் படங்களில் பல்பைச் சேர்க்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் முள்ளைத் திருப்ப வேண்டிய மின்னோட்டத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதும் அதே பல்புதான்.

உங்கள் சோதனையில் இன்னொரு தவறும் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இரட்டை வயரை அப்படியே திசைகாட்டி மேல் போட்டிருந்தால், ஒன்றில் போகும் மின்னோட்டம் பக்கத்து வயரில் திரும்பி வருகிறது. இரண்டின் புலமும் எதிரெதிர். ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். 5 ஆம்பியர் அனுப்பினாலும் முள் பெரிதாக மதிக்காது. இதற்கு ஒரு சாட்சி உங்கள் வீட்டுக்கே வருவார். அடுத்த முறை எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டரோடு வந்தால் கவனியுங்கள். இரண்டு வயரில் ஒன்றை மட்டும் பிரித்துத்தான் அந்த இடுக்கிக்குள் விடுவார். இரண்டையும் சேர்த்து விட்டால் மீட்டர் பூஜ்யம் காட்டும். அந்த மீட்டர் அளப்பதும் இதே காந்த விளைவைத்தான்.

மூன்றாவது, கம்பியை வைக்கும் திசை. முள் வடக்கு தெற்காக நிற்கிறது. கம்பியும் அதற்கு நேர் மேலே, முள்ளுக்கு இணையாக, வடக்கு தெற்காகவே போக வேண்டும். அப்போதுதான் கம்பியின் புலம் முள்ளின் இடத்தில் கிழக்கு மேற்காக அமைந்து பக்கவாட்டில் இழுக்கும். பார்க்க வசதியாக இருக்கிறது என்று பலர் கம்பியைக் குறுக்கே, கிழக்கு மேற்காகப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் கம்பியின் புலமும் வடக்கு தெற்காகவே அமையும். ஒரு திசையில் மின்னோட்டம் போனால், ஏற்கெனவே நிற்கும் திசையிலேயே முள்ளை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். எதிர்த் திசையில் போனால், பூமியின் புலத்தை மிஞ்சும் வரை ஒன்றும் நடக்காது. மிஞ்சிவிட்டால் முள் திடீரென்று தலைகீழாகத் திரும்பி நிற்கும். வலுவான மின்னோட்டம் இருந்தால் அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முதல் சோதனைக்கு அது வேண்டாம்.

இந்தத் தவறைச் செய்தது நாம் மட்டும் இல்லை என்று ஒரு கதை உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பேராசிரியராக இருந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆயர்ஸ்டெட் 1820-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஒரு விரிவுரையின்போது இந்த விளைவைக் கண்டார். அது தற்செயலாக நடந்தது என்று நாம் படித்திருக்கிறோம், நானும் அப்படித்தான் பல வருடம் வகுப்பில் சொன்னேன். அந்தக் கதைக்கு முக்கிய ஆதாரம், அவருடைய பழைய மாணவர் ஹான்ஸ்டீன் 1857-இல் ஃபாரடேவுக்கு எழுதிய கடிதம். ஆயர்ஸ்டெட் கம்பியை எப்போதும் முள்ளுக்குக் குறுக்காகவே வைத்து வந்தார், அன்று இணையாக வைத்துப் பார்த்ததும் முள் திரும்பியது என்கிறது கடிதம். ஆனால் அது எழுதப்பட்டது சம்பவம் நடந்து 37 வருடம் கழித்து, ஆயர்ஸ்டெட் இறந்து ஆறு வருடம் கழித்து. மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று தாம் முன்பே நம்பியதாகவும், அதைச் சோதிக்கவே அந்த ஏற்பாட்டைச் செய்ததாகவும் ஆயர்ஸ்டெட் தாமே எழுதியிருக்கிறார். ஆகவே "தற்செயல்" என்பதைச் சந்தேகக் கணக்கில் வையுங்கள். சந்தேகமே இல்லாதது, 1820 ஜூலை 21 என்று தேதியிட்டு அவர் லத்தீன் மொழியில் வெளியிட்ட நான்கு பக்க அறிக்கை. 1802-லேயே இத்தாலியில் ரோமக்னோசி என்பவர் இதைக் கண்டுவிட்டார் என்றும் சிலர் சொல்வார்கள். அவர் செய்ததில் மின்சுற்று மூடியிருந்ததாகவே தெரியவில்லை என்பதால் பல வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை.

அந்த அறிக்கையில் ஒரு விவரம் நமக்கு நேரடியாக உதவும். முள்ளிலிருந்து முக்கால் அங்குல தூரத்துக்குள் கம்பி இருந்தால் சுமார் 45 டிகிரி விலகல் என்று எழுதுகிறார். முக்கால் அங்குலம் என்றால் ஏறத்தாழ 2 செ.மீ. கோபன்ஹேகனில் பூமியின் கிடைத்தளப் புலம் இன்று சுமார் 17 மைக்ரோடெஸ்லாதான். இருநூறு வருடத்தில் அது கொஞ்சம் மாறியிருக்கும், இருந்தாலும் ஒரு மதிப்பீட்டுக்குப் போதும். நம் கணக்கைத் திருப்பிப் போட்டால், அவர் கம்பியில் ஓடியது ஏறத்தாழ ஒன்றரையிலிருந்து 2 ஆம்பியர். இருபது செப்புத் தொட்டிகளில் நீர்த்த அமிலம் ஊற்றித் துத்தநாகத் தகடு இறக்கிச் செய்த பேட்டரியில் அவர் எடுத்த மின்னோட்டத்தை, நம் தெருமுனைக் கடையின் ஒற்றை டார்ச் பேட்டரி சில நொடிகளுக்குத் தந்துவிடும்.

இன்னொன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. அதே 45 டிகிரியை அதே 2 செ.மீ. தூரத்தில் இங்கே பார்க்க 4 ஆம்பியர் வேண்டும். காரணம், பூமியின் புலம் தரைக்கு இணையாகவே இருக்கும் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நாம் இருக்கிறோம். திருநெல்வேலியை ஒட்டித்தான் அந்தக் கோடு போகிறது. வட ஐரோப்பாவில் பூமியின் புலம் பெரும்பாலும் தரைக்குள் செங்குத்தாக இறங்கிவிடுகிறது, முள்ளைப் பிடிக்கும் கிடைத்தளப் பங்கு குறைவு. நம் ஊரில் கிட்டத்தட்ட முழுவதும் கிடைத்தளமாகவே இருப்பதால் பூமியின் பிடி இரண்டு மடங்குக்கும் மேல். வெளிநாட்டு வீடியோவில் சின்ன பேட்டரிக்கே முள் துள்ளுகிறதே என்று நினைத்தால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, செய்முறைக்கு வருவோம். முதலில் இடம். இரும்பு மேசை, பீரோ பக்கம், ஃபிரிட்ஜ் மேல், ஸ்பீக்கர் அருகில் எல்லாம் கூடாது. மர ஸ்டூல் அல்லது தரையில் போட்ட பாய் நல்லது. நான் ஒரு முறை ஆய்வுக்கு வந்த அதிகாரி முன்னால் அவமானப்பட்டது இதனால்தான். முதல் நாள் மர மேசையில் நன்றாக வந்த சோதனையை, மறுநாள் புதிதாக வந்திருந்த இரும்பு மேசையில் வைத்துக் காட்டினேன். முள் வடக்கைப் பார்க்கவே இல்லை, மேசைக் காலைப் பார்த்தது. கம்பி என்ன சொன்னாலும் கேட்கவில்லை. அப்புறம், திசைகாட்டியை லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டினால் ஆடி மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றால் சரி. ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு இடத்தில் நின்றால் முள்ளைத் தாங்கும் முனை மழுங்கிவிட்டது, அல்லது முள் தட்டில் உரசுகிறது. வட ஐரோப்பா மாதிரி இடங்களுக்காக எடை சமன் செய்த முள் இங்கே ஒரு பக்கம் சாய்ந்து உரசுவதும் உண்டு.

திசைகாட்டி சரியில்லை என்றால் தையல் ஊசி போதும். ஒரு காந்தத்தின் ஒரே முனையால், ஒரே திசையில், முப்பது நாற்பது முறை தேயுங்கள். ஒரு சின்ன தெர்மோகோல் துண்டில் படுக்க வைத்துத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். கொட்டாங்குச்சி, மண் சட்டி, பிளாஸ்டிக் கிண்ணம் எதுவானாலும் சரி. எவர்சில்வர் கிண்ணத்தில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள், சிலவற்றில் ஒட்டும். தண்ணீரை விளிம்பு வரை, மேலே கொஞ்சம் உப்பி நிற்கும்படி ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மிதவை ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

அடுத்தது மின்னோட்டம். ஒரு பெரிய டார்ச் பேட்டரி, அரை மீட்டர் ஒற்றை வயர். வயரின் நடுப்பகுதியை முள்ளுக்கு மேலே, முள்ளுக்கு இணையாக, நேராக இழுத்துப் பிடியுங்கள். இரண்டு நுனியையும் விலக்கி வளைத்துப் பேட்டரிக்குக் கொண்டுவாருங்கள். பேட்டரி முள்ளிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும், சில பேட்டரிகளின் உறையே இரும்பு. ஒரு நுனியை முன்பே வைத்துக்கொண்டு மறு நுனியை ஒன்றிரண்டு நொடி தொட்டு எடுங்கள். இதில் பல்பு இல்லை. இது ஒரு குறுக்குச் சுற்றுதான் (ஷார்ட் சர்க்யூட்). அதனால்தான் ஒன்றிரண்டு நொடி என்கிறேன். பிடித்துக்கொண்டே இருந்தால் வயரும் பேட்டரியும் சுடும், பேட்டரி வீணாகும். புதிய பேட்டரியில் முள் நாற்பது, ஐம்பது டிகிரி வரை பாய்வதைப் பார்க்கலாம். உங்கள் பேட்டரி எவ்வளவு புதியது என்பதைப் பொறுத்து இது மாறும், கோணத்தை இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். இப்படிக் குறுக்குச் சுற்று போடுவது சாதாரண டார்ச் பேட்டரிக்கு மட்டும். பவர் பேங்க், மொபைல் பேட்டரி, லித்தியம் செல் எதிலும் செய்யக் கூடாது, தீப்பிடிக்கும். பைக், இன்வெர்ட்டர் பேட்டரியிலும் கூடாது. அவை நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடியில் கொட்டும், கம்பி உருகி கையைச் சுடும். சுவர் பிளக்கின் பக்கமே போக வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்பது ஒருபுறம் இருக்க, அங்கே வருவது நொடிக்கு 50 சுழற்சி அடிக்கும் மாறுதிசை மின்னோட்டம். முள் ஒரு பக்கம் திரும்ப எண்ணுவதற்குள் மறுபக்கம் இழுப்பதால் அது நின்ற இடத்திலேயே நிற்கும்.

குறுக்குச் சுற்றே வேண்டாம், மகள் தனியாகச் செய்ய வேண்டும் என்றால் தீப்பெட்டி வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். மோட்டார் காயில் கட்டும் கடையில் இரண்டு மூன்று மீட்டர் எனாமல் செப்புக் கம்பி கேளுங்கள், துண்டுக் கம்பியைச் சும்மாவே தருவார்கள். தீப்பெட்டியின் உள்பெட்டியில் சின்ன திசைகாட்டியை வையுங்கள். வெளிப்பெட்டிமீது கம்பியை நெருக்கமாக 20 சுற்று சுற்றுங்கள். கம்பியின் இரு நுனியிலும் எனாமலை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும். பார்க்கச் செம்பு மாதிரியே பளபளக்கும், ஆனால் மேலே இருப்பது மின்சாரம் கடத்தாத பூச்சு. இதை மறந்துவிட்டு அரை மணி நேரம் விழித்த மாணவர்கள் வருடத்துக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். மேலே கம்பி தெரிவதால் முள் மறைகிறதே என்றால், சுற்றுகளை இரண்டு கற்றையாகப் பிரித்து நடுவில் பார்க்க இடம் விடுங்கள்.

இதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு சுற்றும் முள்ளுக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை போகிறது. மேலே வடக்கு நோக்கிப் போனால் கீழே தெற்கு நோக்கித் திரும்புகிறது. முள்ளுக்கு மேலே இருந்து ஒரு திசையில் போனாலும், கீழே இருந்து எதிர்த் திசையில் போனாலும், முள் இழுபடுவது ஒரே பக்கம்தான். ஆக 20 சுற்றில் 40 கம்பிகளின் இழுப்பு சேர்ந்து வருகிறது. அதே எல்இடி, அதே 20 மில்லிஆம்பியர். அரை டிகிரி விலகிய முள் இப்போது 20 டிகிரியை ஒட்டி விலகும். கம்பிகள் பரவியிருப்பதால் கொஞ்சம் குறையலாம், ஆனால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். எல்இடியைக் கழற்றி டார்ச் பல்பைப் போட்டால் முள் கிட்டத்தட்ட குறுக்காகவே நின்றுவிடும். ஆயர்ஸ்டெட்டின் அறிக்கை வந்த அதே 1820-இல் ஜெர்மனியில் ஷ்வைகர் கண்ட வழி இதுதான். நாம் பிளஸ் டூ செய்முறையில் திருகித் திருகிச் சமன் செய்யும் டேஞ்சன்ட் கால்வனாமீட்டர், முள் விலகும் கோணத்தை வைத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி, இதற்குப் பேரன் மாதிரி.

இனி மகளின் சந்தேகம். முள் அசைந்துவிட்டது என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. கம்பி சூடாகிக் காற்று கிளம்பி முள்ளைத் தள்ளியிருக்கலாம், கை பட்டு மேசை ஆடியிருக்கலாம் என்று அவள் சொன்னால், நியாயமான கேள்வி என்று பாராட்டுங்கள். அதற்குப் பதில் சொல்வது முள்தான். பேட்டரியைத் திருப்பிப் போடுங்கள். சூடு அதேதான், ஆனால் முள் எதிர்ப்பக்கம் விலகும். பேட்டரியை அப்படியே விட்டுக் கம்பியை முள்ளுக்குக் கீழே கொண்டுபோங்கள். மறுபடியும் எதிர்ப்பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பழைய பக்கமே திரும்பும். வெப்பக் காற்றுக்கு இப்படிக் கணக்குப் பார்த்துத் திரும்பத் தெரியாது. அடுத்து, கம்பிக்கும் முள்ளுக்கும் நடுவே கண்ணாடித் துண்டோ நோட்டுப் புத்தகமோ வையுங்கள். தூரம் மாறாமல் பார்த்துக்கொண்டால் விலகல் அப்படியே இருக்கும். கண்ணாடி, மரம், உலோகம், தண்ணீர், அரக்கு மாதிரிப் பொருள்கள் என்று நடுவில் வைத்து ஆயர்ஸ்டெட்டும் பார்த்தார். முள்ளுக்குப் பதிலாகப் பித்தளை ஊசியை வைத்தும் பார்த்தார், அது அசையவில்லை. நீங்கள் தண்ணீரில் காந்த ஊசிக்குப் பதிலாக ஓர் ஈர்க்குச்சியை மிதக்க விட்டுப் பாருங்கள். அது எந்தப் பக்கமும் திரும்பாது. காந்தத்தை மட்டும் திருப்புகிறது, நடுவில் இருப்பதை ஊடுருவுகிறது, மின்னோட்டம் திரும்பினால் தானும் திரும்புகிறது. மூன்றும் சேர்ந்தால்தான் "மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது" என்று சொல்ல உரிமை வருகிறது.

எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு வலதுகைப் பெருவிரல் விதி இருக்கிறது. பரீட்சை அறையில் கையை முறுக்கிக்கொண்டு தவிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இன்னொன்று: கம்பி மேலே, மின்னோட்டம் வடக்கே, முள் மேற்கே. மேலே என்றால் மேற்கே. இதில் ஏதாவது ஒன்று மாறினால் கிழக்கே, இரண்டு மாறினால் மறுபடி மேற்கே. மின்னோட்டத்தின் திசை என்பது பேட்டரியின் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

விடைத்தாளில் அடிக்கடி காணும் ஒரு வாக்கியம், "செப்புக் கம்பி காந்தமாக மாறுகிறது" என்பது. அது தவறு. செம்பு காந்தமாவதில்லை. புலம் கம்பியைச் சுற்றி வளையமாக அமைகிறது, நேரான கம்பிக்கு வடமுனை, தென்முனை என்று எதுவும் கிடையாது. அதைச் சுருளாகச் சுற்றும்போதுதான் சட்டக் காந்தம் மாதிரி இரண்டு முனை தெரியும். உள்ளே இரும்பு ஆணியைச் செருகினால் அந்த இரும்பு காந்தமாகும்; குண்டூசி தூக்கும் ஆணிச் சோதனை அதுதான். அதை முதல் சோதனையாகச் செய்ய வேண்டாம் என்பது என் எண்ணம். ஆணி குண்டூசியைத் தூக்கியதும் பிள்ளைகள் ஆணியைப் பார்க்கிறார்கள், மின்னோட்டத்தை மறந்துவிடுகிறார்கள். மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் ஆணியில் கொஞ்சம் காந்தம் தங்கி, குண்டூசி ஒட்டிக்கொண்டே இருந்து குழப்புவதும் உண்டு.

புலம் வளையமாக இருக்கிறது என்பதை மேலே சொன்ன சோதனை காட்டாது, குறிப்பாக மட்டும் உணர்த்தும். அதற்குப் புத்தகத்தில் அட்டையில் துளையிட்டுக் கம்பியைச் செங்குத்தாக விட்டு, இரும்புத் தூள் தூவி, அழகான வட்டங்கள் வரைந்திருப்பார்கள். ஒற்றைக் கம்பியும் டார்ச் பேட்டரியும் வைத்துக்கொண்டு அந்த வட்டங்களை எதிர்பார்க்காதீர்கள். தூள் உராய்வை மீறித் திரும்பும் அளவுக்குப் புலம் அங்கே இருக்காது. அதற்குப் பதிலாக 20 சுற்றுள்ள பெரிய வளையம், ஒரு முழ அகலத்துக்குச் செய்து, அதன் ஒரு பக்கத்துக் கற்றையை மட்டும் அட்டைத் துளை வழியாகச் செங்குத்தாக விடுங்கள். 1 ஆம்பியர் போனால் அது 20 ஆம்பியர் போகும் ஒற்றைக் கம்பிக்குச் சமம். கற்றையைச் சுற்றித் திசைகாட்டியை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், முள்ளும் வட்டத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே திரும்பிவரும். பூமி இழுப்பது இதிலும் கலந்திருக்கும் என்பதால் எல்லா இடத்திலும் கச்சிதமான வட்டம் வராது. கற்றைக்குப் பக்கத்தில் நன்றாக வரும், தூரம் போகப் போக முள் வடக்கே சாயும். அதை மறைக்காமல் மகளிடம் காட்டுங்கள்.

கையில் ஸ்மார்ட்போன் இருந்தால் எண்ணாகவே பார்க்கலாம். ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் காந்தமானி இருக்கிறது, மைக்ரோடெஸ்லாவில் காட்டும். காந்தம் வைத்த உறையைக் கழற்றிவிட்டு, வயரைப் போன் மேல் அங்கங்கே நகர்த்தி உணரி எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், ஒவ்வொரு போனிலும் ஒவ்வோர் இடம். டார்ச் பல்பு போட்ட சுற்றிலேயே நாலைந்து மைக்ரோடெஸ்லா ஏறி இறங்குவது தெரியும். ஆனால் எண்ணை விட முள்தான் பிள்ளைக்குப் பிடிக்கும், என் அனுபவத்தில்.

இந்தச் சோதனை "உண்டாகிறது" என்று காட்டுகிறதே தவிர, "ஏன் உண்டாகிறது" என்று சொல்லாது. அந்தக் கேள்வி வந்தால் ஒன்பதாம் வகுப்புக்கு அடங்கிய பதில் என்னிடம் இல்லை. நகரும் மின்னூட்டம் காந்தப்புலத்தைத் தரும் என்பதை இப்போதைக்கு இயற்கையின் குணமாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பரீட்சைக்கு வேண்டிய விடை இதற்குள்ளேயே இருக்கிறது: கம்பியை முள்ளுக்கு இணையாக மேலே வைத்தது, மின்னோட்டம் செலுத்தியதும் முள் விலகியது, திசையை மாற்றியதும் எதிர்ப்பக்கம் விலகியது, நிறுத்தியதும் பழைய நிலைக்கு வந்தது. இந்த நான்கையும் தான் பார்த்த கோணத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

முதலில் தீப்பெட்டியையே செய்து பாருங்கள். அதிலும் முள் அசையவில்லை என்றால், நுனியில் எனாமல் போயிருக்கிறதா, சுற்றுகள் வடக்கு தெற்காக இருக்கின்றனவா, பக்கத்தில் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.